பூப் பதிந்த படகை எதில் கீறுவது?

புதுப் படகு ஒன்றை லொறியிலிருந்து மணலுக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி எங்கள் வீட்டுக்கு முன்னால் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். எழும்பினார். முழுவதுமாக அல்ல, பாதி எழும்பி, முழங்காலில் கையை ஊன்றி, கழுத்தை நீட்டி, அப்படியே நின்றார். ஆட்கள் படகைத் திருப்பினார்கள். அதன் இடது பக்கம் எங்கள் கண்ணுக்கு வந்தது. முன்முனையான அணியத்திலிருந்து கையெட்டும் தூரத்தில், தண்ணீர் தொடும் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீக்கம். அந்த வீக்கத்தின் மேல் வலைப்பின்னலாகச் சின்னச் சின்னப் பூக்கள். அண்ணி அதைப் பார்த்தார். பிறகு மறுபடி குந்தி, விட்ட இடத்திலிருந்து மீனை வெட்டத் தொடங்கினார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அது தோன்றியது. இந்தக் கரையில் ஓடுகிற பைபர் படகுகள் ஒன்றுக்குமே வரைபடம் கிடையாது. ஒரு வரைபடம் இருந்தால், அதை வைத்துப் புது அச்சு செய்யலாம். புது அச்சில் அந்தப் பூ இருக்காது. பூ இல்லாவிட்டால் அண்ணி எழும்ப வேண்டியதில்லை.

எனக்கு வரைபடம் கீறத் தெரியாது என்பது அடுத்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பூ எங்கள் வீட்டு யன்னல் சீலையினுடையது. நாட்டில் சண்டை முடிந்து கடல் திறந்த காலத்தில் அண்ணன் ஒரு பழைய பைபர் படகு வாங்கினார். உச்சமுனைப் பக்கம் போய் வரும்போது ஒரு நாள் கல்லில் அடித்து அணியத்தில் ஓட்டை. அண்ணனே ரெசினும் நார்ப்பாயும் வாங்கி வந்து ஒட்டுப் போட்டார். செங்குத்தாக நின்ற பக்கத்தில் போட்ட ஒட்டு வழுகி இறங்காமல் இருக்க, ஈரமாக இருக்கும்போதே யன்னல் சீலையை மேலே வைத்து இழுத்துக் கட்டினார். காய்ந்த பிறகு சீலையை உரித்து எடுத்தால் அதன் பூக்கள் எல்லாம் ரெசினில் அப்படியே இருந்தன. எங்களுக்கு ஒரே சிரிப்பு. அண்ணன் அதற்கு மேல் வெள்ளை பெயின்ட் அடித்தார், பூ மறையவில்லை.

ஒரு தொழில் காலம் முழுக்க அந்தப் படகில் ஓடினார். நல்ல ஓட்டம் ஓடும் படகு என்று பெயர் வாங்கியது. அப்போது கற்பிட்டிப் பக்கம் படகு கட்டும் யாட் வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மன்னாரிலிருந்து கூட வந்து படகு கேட்டார்கள். அவரிடம் நல்ல அச்சு இல்லை. அண்ணனின் படகை இரவல் வாங்கி, மெழுகு பூசி, அதன் மேலேயே பைபர் போட்டு அச்சு எடுத்தார். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்கிறார்கள். படகில் இருந்து அச்சு, அச்சில் இருந்து படகு, அந்தப் படகு நல்லதென்றால் அதிலிருந்து இன்னொரு அச்சு. வீக்கத்தைத் தேய்த்து மட்டமாக்கிவிட்டு எடுப்போம் என்று நானா நினைத்திருந்தாராம், அவசரத்தில் விட்டுவிட்டார். பைபர் எதையும் விடாது. விரல் ரேகை இருந்தால் விரல் ரேகையும் வரும். அன்றிலிருந்து அந்த அச்சில் பிறந்த எல்லாப் படகிலும் எங்கள் யன்னல் சீலை.

அதற்கு அடுத்த சோளகக் காற்றில், தென்மேற்கிலிருந்து கடல் கொந்தளிக்கும் காலத்தில், அண்ணன் திரும்பி வரவில்லை. கூடப் போகிறவருக்குக் காய்ச்சல், தனியாகப் போனார். கடற்படையும் தேடியது, எங்கள் ஆட்களும் தேடினார்கள். சிலாபத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மண்ணெண்ணெய்க் கான் கரையொதுங்கியது. அது எங்களுடையதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. படகில் ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் படகு மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதே நீளம், அதே அணியம், அதே பூ. நீலம் அடித்து வந்தது, பச்சை அடித்து வந்தது, சொரூபம் ஒட்டி வந்தது, பிறை வரைந்து வந்தது. விடியலில் தூரத்தில் ஒன்று தெரிந்தால் அது அண்ணனுடைய படகின் உருவம்தான். கிட்ட வரும்போதுதான் அதில் வேறு யாரோ நின்றார்கள். கார்த்திகை மாதம் தேவாலயத்தில் மரித்தவர்களுக்கான பூசையில் வாசிக்க வீட்டுக்கு வீடு பெயர் கொடுப்பார்கள். அம்மா அண்ணனின் பெயரைக் கொடுப்போமா என்று கேட்டபோது அண்ணி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு பார்ப்போம் என்றார். அடுத்த கார்த்திகைக்கும் அதையே சொன்னார். அவர் இன்னும் காத்திருக்கிறார் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். படகைக் கண்டு எழும்புவதும் அதனால்தான் என்று நினைத்தோம்.

நான் உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், புத்தளத்தில் ஒரு கணினி நிலையத்துக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். தில்லையடியைத் தாண்டும்போதே போனில் அன்றைய பாடத்தைப் பார்த்து முடித்துவிட்டு, வகுப்பில் அடுத்த பாடத்தைக் கேட்டு ஆசிரியரைக் கரைச்சல் படுத்துகிற ஆள். படகு கீற எதைப் பழக வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் கற்பித்தது கறுப்புப் பின்னணியில் கோடு கீறுகிற, எல்லாரும் படிக்கிற அந்த முதல் மென்பொருள். கட்டாருக்கு வேலைக்குப் போனால் இதைத்தான் கேட்பார்கள், மற்றதெல்லாம் விளையாட்டு என்றார். அவர் சொன்னது பிழை இல்லை. வீட்டுத் திட்டம் கீறினேன். கக்கூஸ் குழி கீறினேன். சுவர்கள் நேராக நின்றன. படகைத் தொடங்கினால் ஒன்றும் நகரவில்லை. பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், மேலிருந்து ஒன்று, குறுக்கே வெட்டி ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக மாட்டேன் என்றன. படகில் நேர்க்கோடே இல்லை. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு தொடங்கிவிடுகிறது.

இணையத்தில் கேட்டுப் பார்த்தேன். புதிதாகத் தொடங்குகிறவள் எதைப் பழகலாம் என்று ஒரு வரிதான் போட்டேன். ஆளுக்கொரு மென்பொருளைச் சொல்லிவிட்டுத் தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது மென்பொருளை நானே தேர்ந்தெடுத்தேன். திடப்பொருளாகக் கட்டுவது. ஓர் அளவை மாற்றினால் முழு உருவமும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். கொஞ்ச நாளைக்கு இலவசமாகப் பாவிக்க விட்டார்கள். என்னுடைய பழைய மடிக்கணினிக்கு அது பெரிய சுமை. அடுப்பு மாதிரிக் கொதித்தது. காற்றுப் போகட்டும் என்று அம்மாவின் இடியப்பத் தட்டின் மேல் அதைத் தூக்கி வைத்தேன். அன்று இரவு எங்களுக்கு இடியப்பம் இல்லை, கடைப் பாண்தான்.

அந்த மென்பொருளில் எனக்குப் பிடித்தது ஒரு கட்டளை. பொருளின் பாதியை மட்டும் கீறினால் போதும். நடுவில் ஒரு கண்ணாடியை வைத்தது போல மற்றப் பாதியை அதுவே செய்துவிடும். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் வலது பக்கத்தை, பூ இல்லாத பக்கத்தை, தையல் நாடாவாலும் தூக்குக் குண்டாலும் அளந்தேன். படகுக்காரர் எனக்குக் கலியாணம் பேசுகிறார்களா, படகுச் சீதனமா என்று கேட்டுவிட்டுப் போனார். பல நாள் பாடுபட்டு, வலது பக்கம் முடிந்தது. கட்டளையைக் கொடுத்தேன். இடது பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு முழுப் படகு, வெள்ளையாக, ஒரு தழும்பும் இல்லாமல், ஒன்றுமில்லாத இடத்தில் மெல்லச் சுழன்றது.

அதைக் கொண்டு முதலில் நானாவிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கரண்ட் போனா தண்ணிக்குள்ள தாண்டு போகுமா, புள்ள?"

யாட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தார். பழைய அச்சு பின்பக்கம் வெடித்துவிட்டது, புது அச்சு எடுக்கத்தான் இருக்கிறேன் என்றார். வழக்கம் போல ஒரு படகின் மேலேயே எடுப்பதாக எண்ணமாம். வரைபடம் உண்மையாகச் சரி வந்தால் அதையும் பார்க்கலாம். ஒரே ஒரு குறை சொன்னார்.

"பூவ எங்க? அது இல்லாட்டி எடுக்க மாட்டாங்க. பூ ஈக்கிதா எண்டு தடவிப் பாத்துட்டுத்தான் கதைக்கவே தொடங்குறாங்க. ராசி எண்டு செல்றாங்க."

ராசி என்ற சொல்லைச் சொன்ன பிறகுதான் யாரோடு பேசுகிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வேலையாளைக் கூப்பிட்டு மெழுகு டின் எங்கே என்று கேட்டார். மெழுகு டின் அவர் காலடியில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணிக்குக் காட்டினேன். மழை விட்ட பின்னேரம். அவர் கையைக் கழுவி, பாவாடையில் துடைத்து, கதிரையில் வந்து இருந்தார். திரையில் படகு சுழன்றது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மற்றப் பக்கம் காட்டு."

இடது பக்கத்தைத் திருப்பி நிறுத்தினேன்.

"இந்தப் பக்கம் நீ அளந்தியா?"

"இல்ல அண்ணி. நல்ல பக்கத்த அளந்தன். மற்றது தானா வரும்."

"அப்ப இடது பக்கத்த நீ பாக்கவே இல்ல."

இல்லை என்றேன். பார்க்கத் தேவையில்லை, அதுதான் இதன் வசதி என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், பூ இருக்க வேண்டிய இடத்துக்கு நேரே, தொடாமல் வைத்திருந்தார்.

"அந்த ஒட்டுத் தாங்கிச்சா எண்டு இது சொல்லுமா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. எந்த ஒட்டு என்று கேட்டேன்.

"உன்ட அண்ணன் போட்டது. அவர் யாட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்விப்பம் எண்டுதான் சொன்னவர். நான்தான் சீலையக் கழட்டிக் குடுத்து, நீங்களே ஒட்டுங்க, எதுக்குத் தொழில விட்டுப்போட்டு நிக்கிறது எண்டு சொன்னன்." கையை எடுத்து மடியில் வைத்தார். "படகு வரேக்க நான் ஆளப் பாக்க எழும்புறன் எண்டு நீங்க எல்லாரும் நினைக்கிறீங்க. ஆள் வர மாட்டார். அது எனக்குத் தெரியும். நான் அந்த இடத்தப் பாக்கத்தான் எழும்புறன். வெடிச்சிருக்கா எண்டு."

கடலில் ஓர் இஞ்சின் சத்தம் கேட்டது. அண்ணி எழும்பி வாசலுக்குப் போனார். நான் மடிக்கணினியை மூடினேன். அதன் அடி இன்னும் சுட்டது.

அதற்குப் பிறகு அந்தப் படகுகளை நான் பார்த்த விதமே மாறிப்போனது. அண்ணிக்கு ஆறுதல் தர என்று ஒரு பூவை அழிக்கப் புறப்பட்டேன். அவர் அந்தப் பூவிடம்தான் ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது கரையில் வரிசையாகக் கிடந்த படகுகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை. எல்லாம் இடது பக்கத்தை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றின் பூவில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் கிடந்ததால் உடம்பு மாதிரி சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது மென்பொருளில் இன்னொரு வசதியும் இருந்தது. செய்த உருவத்தின் மேல் பாரம் வைத்தால் அது எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று நிறத்தில் காட்டும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் உடையும். அண்ணியின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறு எது என்று எனக்கு ஒரே துள்ளல். இடது பக்கத்தில் ஒரு ஒட்டைச் செய்தேன். தண்ணீரின் அழுத்தம் கேட்டது, போட்டேன். பைபரின் தடிப்புக் கேட்டது. எனக்குத் தெரியாது; ஏதோ ஓர் எண்ணிக்கையைப் போட்டேன். இடியப்பத் தட்டின் மேல் அது நீண்ட நேரம் முனகியது. பிறகு முழு அணியமும் பச்சையாக வந்தது. ஒட்டும் பச்சை. வயல் மாதிரி.

அண்ணி அடுப்படியில் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

ஏன் திறந்த வாயை மூடினேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். ஒருவேளை மிளகாய்க் காரம் தொண்டையில் ஏறி இருமல் வந்ததால் கூட இருக்கலாம். இருமி முடித்துவிட்டுத் தடிப்பைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன். ஒட்டின் ஓரம் மஞ்சளானது. இன்னும் குறைத்தேன். பூ இருக்கும் இடம் முழுக்கச் சிவப்பு. கூட்டினேன், பச்சை. அண்ணன் எத்தனை படை போட்டார், ரெசினை எவ்வளவு கலந்தார், அன்று வெயிலா மழையா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் கொடுத்ததையே நிறம் அடித்துத் திருப்பித் தந்துகொண்டிருந்தது அது. பிழை மென்பொருளுடையதும் இல்லை. கேட்ட எண்களுக்கு அது ஒழுங்காகப் பதில் சொன்னது.

என்றாலும் அந்தச் சிவப்பு என் கண்ணுக்குள் நின்றுவிட்டது. கண்ணை மூடினால் அண்ணன் நிற்கிற படகில் இடது பக்கம் சிவப்பாக இருந்தது.

மறுநாள் அண்ணியிடம் உள்ளதைச் சொன்னேன். பச்சையும் காட்டும், சிவப்பும் காட்டும், நான் எதைப் போடுகிறேனோ அதைப் பொறுத்தது என்றேன்.

"நீ விரும்பினதத்தான் சொல்லும்."

"ஓம்."

"அத நானே செய்வன், தங்கச்சி. அதுக்குக் கொம்பியூட்டர் தேவையில்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு வலித்தது. இந்த மென்பொருள் பழகுகிற வேலையே வேண்டாம், ஆசிரியர் சொன்னபடி வீட்டுத் திட்டம் கீறப் பழகிக் கட்டாருக்குப் போகலாம் என்று ஒரு கிழமை வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தேன். ஆசிரியர் எனக்குச் சுகமில்லையா என்று கேட்டார்.

அந்தக் கிழமையில் ஒரு பயிற்சி. கதவின் வரைபடம் இரண்டு; பார்வைக்கு ஒன்று போல. ஒன்றை மற்றதன் மேல் வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கதவைத் தாங்கும் பிணைச்சல் ஒரு மயிரளவு தள்ளியிருந்தது. அதை அடையாளமிட்டுவிட்டு நிமிர்ந்தபோது படகு நினைவுக்கு வந்தது. ஒட்டுப் போட்டு ஒரு தொழில் காலம் கடலில் அடிபட்ட பிறகுதானே நானா அச்சு எடுத்தார்? அந்த ஒட்டுப் பலமில்லாமல் உள்ளே வாங்கத் தொடங்கியிருந்தால், அதைச் சுற்றி இடது பக்கத்தின் வளைவு வலது பக்கத்தின் வளைவை விட ஒரு துளி உள்ளே போயிருக்கும். நன்றாக நின்றிருந்தால் வீக்கம் மட்டும் வெளியே தெரியும்; சுற்றியுள்ள வளைவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். அந்த நாளில் ஒட்டு எப்படி இருந்தது என்பதை அச்சு பிடித்து வைத்திருக்கிறது. இதற்குத் தடிப்புத் தேவையில்லை. நிறம் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளந்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அதற்கு ஏற்ற மென்பொருள் மூன்றாவது. அதை முன்பே ஒருமுறை திறந்து பார்த்து, அசிங்கமாக இருக்கிறது என்று மூடியிருந்தேன். படகு உருவங்களுக்கென்றே யாரோ ஆர்வத்தில் செய்து இலவசமாக விட்டது. படங்கள் இல்லாத, பழைய சாம்பல் நிறத்து முகம். வேலை தேடிப் போகிற இடத்தில் இதைப் பழகியிருக்கிறேன் என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. தமிழில் ஒரு பாடமும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்த பாடத்தில் ஒரு கிழவர் நடுநடுவே தன் நாயோடு பேசினார். ஆனால் அதில் ஒவ்வொரு புள்ளியையும் கையால் கொடுக்கலாம். கொடுத்த புள்ளியை அது அழகாக்காது. பாதியை மட்டும் கேட்டு மீதியைத் தானே முடிவு செய்கிற பழக்கத்தை நிறுத்தி வைக்கவும் முடியும். என்னுடைய மடிக்கணினியிலும் சூடாகாமல் ஓடியது. அம்மாவுக்கு இடியப்பத் தட்டுத் திரும்பக் கிடைத்தது.

ஓடும் படகுகளில் அளந்து பயனில்லை. அச்சிலிருந்து கழற்றியதும் யாட்டில் தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்து விடுகிறார்கள். அந்த முதல் அச்சேதான் வேண்டும். நானாவிடம் ஓடினேன். அவர் அதைத் துண்டு துண்டாக அறுத்துக் குப்பைக் கிடங்கில் போடப்போவதாகச் சொன்னார்; யாட்டில் இடமில்லை, புது அச்சை வைக்க வேண்டும். நான் வரைபடம் முடியவில்லை, இன்னும் அளக்க வேண்டும் என்றேன். நீங்க அளந்து முடிய சோளகமும் முடியும் என்று கையை விரித்தார். அதன் பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று சொன்னேன்.

நானா கேத்தலை அடுப்பில் வைத்தார். அவர் எங்கள் வீட்டுப் பக்கத்து ஒழுங்கையால் வருவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். சுற்றிக்கொண்டு ரோட்டால் போவார். தேத்தண்ணி ஊற்றி என்னிடம் ஒரு கோப்பையை நீட்டினார்.

"அச்சு எடுக்கக்குள்ள அந்த எடத்த நானும் தடவிப் பாத்தீக்கன், புள்ள. நல்லா ஈக்கி எண்டுதான் நெனச்ச. சத்தியம் பண்ண ஏலா." கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெருநாள் முடியுற வரைக்கும் ஆரும் அத அறுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழம ஜும்மா நேரம் யாட்ல ஒருத்தரும் ஈக்க மாட்டாங்க. அவங்களயும் கூட்டிட்டு வாங்க."

நான் புறப்படும்போது, புதுப் படகில் பூவை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று மறுபடியும் சொன்னார். அதை நான் தீர்மானிக்கவில்லை. முன்பு அழித்தே ஆக வேண்டும் என்று இருந்தேன். இப்போது அதைச் சொல்ல நான் யார் என்று இருக்கிறது.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கெட்டதாக வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"சொல்லு."

"நல்லதா வந்தாலும் அது அச்செடுத்த நாளுக்கு மட்டும்தான் அண்ணி. அதுக்குப் பிறகு கடல்ல என்ன நடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்." அவர் நனைந்த உடுப்பை உதறிக் கொடியில் போட்டார். "எனக்கு அந்த நாள் போதும்."

அதனால் இந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அச்சுக்குள் இறங்கப் போகிறோம். அச்சு என்பது படகு இருந்த இடத்தின் வெற்றிடம். உள்ளே நின்றால், அண்ணனின் படகு எந்த இடத்தை நிரப்பியதோ அந்த இடத்தில் நிற்கிறோம். படகில் வெளியே வீங்கியிருக்கிற பூ அதில் உட்குழியாக இருக்கும். அண்ணியை வலது பக்கம் நிற்கச் சொன்னேன். இடது பக்கத்தைத் தானே பிடிப்பதாகச் சொல்லிவிட்டார். நடுவால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு நைலோன் கயிறு கட்டுவோம். அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே இடைவெளிகளில் அளப்போம். அவர் வாசிக்க வாசிக்க நான் போனில் அடித்துக்கொள்வேன்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் வேறு வேறாகக் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைக்கிற முறையை அந்தச் சாம்பல் முகத்து மென்பொருளில் நான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. படகில் பிழை விட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அண்ணி அதை ஆயுள் முழுக்க நம்புவார். ஆகவே பின்னேரம் அம்மா உடுப்புத் துவைத்து முடித்ததும் அவருடைய அகன்ற அலுமினியப் பேசனை வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறேன். அது கிணற்றுக் கட்டில் விழுந்து ஒரு பக்கம் நெளிந்தது. எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். அதைக் குப்புறக் கவிழ்த்து, நடுவால் நூல் கட்டி, இரண்டு பக்கமும் அளந்து, புள்ளி புள்ளியாகக் கொடுக்க வேண்டும். நெளிவை அது கண்டுபிடிக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.